பிறந்த மண்ணா, பெற்றோரின் பத்திரமா?



2025ஆம் ஆண்டு நவம்பர் மாதம் வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தத்திற்கான கணக்கெடுப்புப் படிவம் நம் வீடுகளுக்கு வந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு, பழைய பட்டியலில் வாப்பாவின் பெயர் எங்கே, உம்மாவின் பெயர் எந்த ஊரில் என்று தேடாத குடும்பம் அரிது. பழைய பட்டியலோடு தொடர்பு காட்ட இயலாதவர்கள் ஆவணம் காட்ட வேண்டும் என்றார்கள். அப்போது தேர்தல் ஆணையம் மக்களைப் பிறந்த தேதியை வைத்து மூன்று வகையாகப் பிரித்திருந்தது.

1987 ஜூலை 1க்கு முன் பிறந்தவர் தம்முடைய ஆவணம் ஒன்றைக் காட்டினால் போதும். அந்நாள் முதல் 2004 டிசம்பர் 2 வரை பிறந்தவர், தம் ஆவணத்தோடு தாய் அல்லது தந்தையின் ஆவணத்தையும் காட்ட வேண்டும். அதற்குப் பின் பிறந்தவரோ தாய், தந்தை இருவரின் ஆவணங்களையும் காட்ட வேண்டும்.

ஒரே தாய் வயிற்றில், ஒரே ஊரில் பிறந்த மூத்தவனுக்கு ஒரு விதி, இளையவனுக்கு வேறொரு விதி! இது ஏன்? இந்த இரண்டு தேதிகளும் எங்கிருந்து வந்தன? அதிகாரி ஒருவர் தாமாக எழுதிவிட்ட தேதிகளா இவை? இல்லை. நம் நாட்டுக் குடியுரிமைச் சட்டத்தில் நடந்த இரண்டு பெரும் மாற்றங்களின் தேதிகள் இவை. அவற்றின் பின்னே உலகம் முழுவதும் இன்றும் நடந்துவரும் ஒரு விவாதம் இருக்கிறது. அதை அறிந்துகொள்வது நம் ஒவ்வொரு குடும்பத்திற்கும் அவசியமாகும்.

இரண்டு கொள்கைகள்

ஒரு குழந்தை எந்த நாட்டின் குடிமகன் என்பதைத் தீர்மானிக்க உலகில் இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று, அது பிறந்த மண்ணைப் பார்ப்பது. மற்றொன்று, அதன் பெற்றோர் யார் என்பதைப் பார்ப்பது. முதலாவதைப் பிறப்பிடக் கொள்கை என்றும், இரண்டாவதை வம்சாவளிக் கொள்கை என்றும் சொல்லலாம்.

முதல் வழியில் கேள்வி ஒன்றுதான்: எங்கே பிறந்தாய்? மருத்துவமனைப் பதிவோ உள்ளாட்சிப் பதிவேடோ அதற்கு விடை சொல்லிவிடும். இரண்டாம் வழியில் கேள்வி அத்தோடு நிற்பதில்லை. உன் தந்தை குடிமகனா? அவர் குடிமகன் என்றால், அவருடைய தந்தை யார்? இப்படி ஒவ்வொரு தலைமுறையும் தனக்கு முந்திய தலைமுறையின் தாளைத் தேடிச் செல்ல வேண்டியதாகிறது.

முதல் கொள்கையை அரசியல் சாசனத்திலேயே எழுதிவைத்துவிட்டு, அதன் பொருளைப் பற்றி ஒன்றரை நூற்றாண்டாக வாதிட்டு வரும் நாடு அமெரிக்கா. அந்த வாதத்தைச் சுருக்கமாகப் பார்த்துவிட்டு நம் நாட்டுக்கு வருவோம்.

அமெரிக்காவில் நடப்பது என்ன?

1857ஆம் ஆண்டு அமெரிக்க உச்ச நீதிமன்றம், டிரெட் ஸ்காட் வழக்கில் கொடிய தீர்ப்பு ஒன்றை வழங்கியது. அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கர்களின் சந்ததியினர், அந்த மண்ணிலேயே பிறந்திருந்தாலும் அந்நாட்டின் குடிமக்களாக முடியாது என்பதே அது. உள்நாட்டுப் போர் முடிந்து, அடிமைமுறை ஒழிக்கப்பட்ட பின், அந்தத் தீர்ப்பை என்றென்றைக்குமாகத் துடைத்தெறியவே 1868ஆம் ஆண்டு அரசியல் சாசனத்தின் 14ஆவது திருத்தம் நிறைவேறியது. அமெரிக்காவில் பிறந்து, அதன் ஆளுகைக்கு உட்பட்டிருக்கும் அனைவரும் குடிமக்களே என்பது அதன் கருத்து.

அன்றே இந்த விவாதம் தொடங்கிவிட்டது. 1866இல் செனட் சபையில் எட்கர் கோவன் என்னும் உறுப்பினர், சீனர்களின் பிள்ளைகளும் குடிமக்கள் ஆகிவிடுவார்களே என்று ஆட்சேபித்தார். கலிபோர்னியாவின் உறுப்பினர் ஜான் கான்னஸ், ஆம், ஆகட்டும் என்று பதிலளித்தார். பின்னர் வாங் கிம் ஆர்க் என்பவரின் வழக்கு வந்தது. சான் பிரான்சிஸ்கோவில் சீனப் பெற்றோருக்குப் பிறந்த அவர், சீனா சென்று 1895இல் திரும்பியபோது, நீ குடிமகன் அல்லன் என்று தடுக்கப்பட்டார். 1898இல் உச்ச நீதிமன்றம் அவர் பிறப்பால் குடிமகனே என்று தீர்ப்பளித்தது. அவருடைய பெற்றோரோ, அக்காலச் சட்டப்படி, என்றுமே அமெரிக்கக் குடியுரிமை பெற முடியாதவர்கள்!

2025 ஜனவரி 20 அன்று அதிபர் டொனால்ட் டிரம்ப் பிறப்பித்த ஆணை, இந்த நூற்றாண்டு கடந்த புரிதலை மாற்ற முற்பட்டது. தந்தை குடிமகனாகவோ நிரந்தரக் குடியிருப்பு உரிமை உடையவராகவோ இல்லாமல், தாயும் அனுமதியின்றியோ தற்காலிக விசாவிலோ அங்கு தங்கியிருந்தால், அவர்களுக்குப் பிறக்கும் குழந்தையைக் குடிமகனாக ஏற்க வேண்டாம் என்பது அவ்வாணை. நம் ஊர்களிலிருந்து வேலை விசாவிலும் மாணவர் விசாவிலும் சென்றிருக்கும் இளம் தம்பதியரையும் இது தொட்டது என்பதைக் கவனியுங்கள்.

ஆணையை ஆதரிப்போர் சொல்வது: ‘ஆளுகைக்கு உட்பட்ட’ என்னும் சொற்களுக்கு முழுமையான விசுவாசம் என்பதே பொருள், வாங் கிம் ஆர்க்கின் பெற்றோர் அங்கேயே நிலையாகக் குடியிருந்தவர்கள், தற்காலிகமாக வந்தவர்களும் அனுமதியின்றி நுழைந்தவர்களும் அப்படியல்லர். எதிர்ப்போர் சொல்வது: ஒரு நாட்டின் சட்டத்துக்குக் கீழ்ப்படியக் கடமைப்பட்டு, மீறினால் தண்டிக்கப்படும் ஒருவர் அதன் ஆளுகைக்கு உட்பட்டவர்தாம், அயல்நாட்டுத் தூதர், படையெடுத்து வந்த எதிரி போன்ற சிலரே விதிவிலக்கு, சாசனம் தந்ததை ஓர் அதிபரின் கையொப்பம் பறிக்க முடியாது.

கீழ் நீதிமன்றங்கள் அந்த ஆணையை நிறுத்தின. 2025 ஜூன் 27 அன்று உச்ச நீதிமன்றம், கீழ் நீதிமன்றங்கள் நாடு முழுமைக்குமான தடை விதிக்கும் அதிகாரத்தைக் குறைத்தது. குடியுரிமைக் கேள்வியை அன்று அது தொடவில்லை. 2025 டிசம்பரில் அக்கேள்வியையே விசாரிக்க ஏற்றுக்கொண்டது.

அங்கே ஒரே ஓர் ஆணைக்கு இத்தனை வழக்குகள், இத்தனை விவாதங்கள்! ஆனால் நம் நாட்டில் அதே மாற்றம் இரண்டு கட்டங்களாக நடந்து முடிந்துவிட்டது. நம்மில் பெரும்பாலோர் அதை அறியவே இல்லை.

நம் தேசத் தலைவர்கள் எடுத்த முடிவு

நம் அரசியல் நிர்ணய சபையிலும் இதே கேள்வி எழுந்தது. 1947 ஏப்ரலில் சர்தார் வல்லபாய் படேல் பிறப்பிடக் கொள்கைக்காக வாதாடினார். தென்னாப்பிரிக்காவில் பிறந்த இந்தியர்களுக்கு அந்நாட்டுக் குடியுரிமை வேண்டும் என்று நாம் கேட்கிறோம். அப்படியிருக்க, நம் வீட்டில் மட்டும் குறுகிய பார்வை கொள்வது முறையாகாது என்பது அவர் வாதத்தின் சாரம். எவ்வளவு நேர்மையான அளவுகோல்!

1949 ஆகஸ்டில் பி.எஸ். தேஷ்முக் என்னும் உறுப்பினர், குடியுரிமை இவ்வளவு மலிவாகக் கிடைக்கலாகாது என்றும், வேறெந்த நாட்டின் குடிமகனாகவும் இல்லாத இந்து, சீக்கியர் எவருக்கும் இந்தியக் குடியுரிமை தரவேண்டும் என்றும் வாதிட்டார். அதை மறுத்து வாதிட்டவர்களுள் சென்னையின் புகழ்பெற்ற சட்ட அறிஞர் அல்லாடி கிருஷ்ணசாமி ஐயரும் ஒருவர். இனம், சமயம் ஆகியவற்றைக் கொண்டு மனிதரைப் பிரித்துக் குடியுரிமை வழங்க இயலாது என்பது அவருடைய நிலைப்பாடு. சபை அதையே ஏற்றது.

அதன்படி 1955ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம், 1950 ஜனவரி 26 முதல் இந்திய மண்ணில் பிறக்கும் ஒவ்வொருவரும் பிறப்பால் குடிமகன் என்றது. தூதர்களின் பிள்ளைகள் போன்ற மிகச் சிலரே அதற்கு விலக்கு. பெற்றோரைப் பற்றிய கேள்வியே இல்லை.

மாறிய சட்டம்

1986ஆம் ஆண்டு, ராஜீவ் காந்தி ஆட்சியில், சட்டம் திருத்தப்பட்டது. வங்கதேசத்திலிருந்து அஸ்ஸாமுக்கு வந்தவர்களைப் பற்றிய கிளர்ச்சியும், 1985இன் அஸ்ஸாம் ஒப்பந்தமும், 1983 கலவரத்திற்குப் பின் இலங்கையிலிருந்து வந்த அகதிகளும் அதற்குப் பின்னணி. 1987 ஜூலை 1 முதல், பெற்றோரில் ஒருவரேனும் இந்தியக் குடிமகனாக இருந்தால்தான் இங்கு பிறக்கும் குழந்தை குடிமகனாகும் என்றானது.

வாஜ்பாய் ஆட்சியில் நிறைவேறிய 2003ஆம் ஆண்டின் திருத்தம், மன்மோகன் சிங் ஆட்சியில் 2004 டிசம்பர் 3 அன்று நடைமுறைக்கு வந்தது. அன்று முதல் பெற்றோர் இருவருமே குடிமக்களாக இருக்க வேண்டும். அல்லது ஒருவர் குடிமகனாக இருந்து, மற்றவர் ‘சட்டவிரோதமாகக் குடியேறியவர்’ அல்லாதவராக இருக்க வேண்டும். கடவுச்சீட்டோ உரிய பயண ஆவணமோ இன்றி வந்தவரும், அனுமதிக் காலம் கடந்து தங்கியவரும் இப்பெயரால் குறிக்கப்பட்டனர். 2019ஆம் ஆண்டின் திருத்தம், 2014 டிசம்பர் 31க்குள் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் ஆகிய நாடுகளிலிருந்து வந்த ஆறு சமயத்தாரை மட்டும் அந்தப் பெயரிலிருந்து விடுவித்தது. முஸ்லிம்களும் இலங்கைத் தமிழ் அகதிகளும் அதில் இல்லை.

ஆக, படிவத்தில் கண்ட அந்தத் தேதிகள் இவைதாம். இதை ஒரு கட்சியின் செயலாக மட்டும் சொல்லிவிட முடியாது. வெவ்வேறு ஆட்சிகள் ஒரே திசையில் எடுத்துவைத்த அடிகள் இவை.

தேதி செய்யும் வித்தியாசம்

ஓர் உண்மை நிகழ்வைப் பாருங்கள். மண்டபம் முகாமில் இலங்கை அகதிகளான பெற்றோருக்கு 1986இல் பிறந்த பெண் ஒருவருக்குக் கடவுச்சீட்டு மறுக்கப்பட்டது. 2022இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, அவர் 1987 ஜூலை 1க்கு முன் இந்தியாவில் பிறந்தவர், எனவே பிறப்பால் இந்தியக் குடிமகள் என்று கூறி, கடவுச்சீட்டு வழங்க உத்தரவிட்டது. 2024 மக்களவைத் தேர்தலில் அவர் வாக்கும் அளித்தார். ஆனால் அதே முகாமில் அத்தேதிக்குப் பின் அகதிப் பெற்றோருக்குப் பிறந்து, அதே பள்ளியில் தமிழ் படித்து வளர்ந்த பிள்ளைக்கு அந்த உரிமை இல்லை. அப்பிள்ளை செய்த பிழை என்ன?

மண்ணை விட்டுப் பரம்பரையைக் கேட்டால் என்ன ஆகும் என்பதற்கு இலங்கையே பழைய சாட்சி. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம், இலங்கையில் பிறந்திருந்தால் மட்டும் போதாது, தந்தையும் அங்கே பிறந்திருக்க வேண்டும், அல்லது தந்தைவழிப் பாட்டனும் முப்பாட்டனும் அங்கே பிறந்திருக்க வேண்டும் என்றது. தேயிலைத் தோட்டக் குடியிருப்பில் பாட்டனின் பிறப்புச் சான்றுக்கு எங்கே போவது? ஏறக்குறைய 7 இலட்சம் மலையகத் தமிழர் நாடற்றவர் ஆயினர். 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. அங்கேயே எஞ்சியிருந்தவர்களுக்குக் குடியுரிமை தரும் சட்டம் 2003இல்தான் வந்தது. இடையே சென்றவை 55 ஆண்டுகள்!

அஸ்ஸாமில் 1971 மார்ச் 24 நள்ளிரவுக்கு முந்தைய ஆவணத்தில் தம் பெயரோ முன்னோர் பெயரோ இருப்பதையும், அந்த முன்னோர்க்குத் தாம் என்ன உறவு என்பதையும் மக்கள் நிரூபிக்க வேண்டியிருந்தது. 2019 ஆகஸ்ட் 31 அன்று வெளியான இறுதிப் பட்டியலில் 19,06,657 பேர் விடுபட்டனர். அவர்களுள் எல்லாச் சமயத்தவரும் இருந்தனர். இளவயதில் மணமாகி வேற்றூர் சென்ற, பள்ளிக்கூடம் காணாத பெண்கள், தாம் இன்னாரின் மகள் என்பதைக் காட்ட ஒரு தாளுக்கு அலைந்தனர். பெயரில் ஓர் எழுத்து மாறியதும் சிலருக்கு வினையானது. 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம், ஆவணங்களில் எழுத்து வேறுபாடு இருப்பது இயல்பே என்றும், தக்க ஆதாரம் ஏதுமின்றி ஒருவரை அந்நியர் என்று சந்தேகித்துவிட முடியாது என்றும் தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பு வந்தபோது வழக்குத் தொடுத்தவர் உயிரோடு இல்லை.

மறுபக்க நியாயமும் நம் கடமையும்

இங்கு ஒரு கேள்வி எழலாம். தன் மக்கள் யார் என்று முடிவு செய்யும் உரிமை ஒரு நாட்டிற்கு இல்லையா? உண்டு. எல்லையைக் காக்கும் கடமையும் உண்டு. நிபந்தனையற்ற பிறப்பிடக் கொள்கையை பிரிட்டன் 1983இல் கைவிட்டது. ஆஸ்திரேலியா 1986இலும், அயர்லாந்து 2004இல் மக்கள் வாக்கெடுப்பு நடத்தியும் கைவிட்டன. இன்று அது பெரும்பாலும் அமெரிக்கக் கண்டத்து நாடுகளிலேயே எஞ்சியிருக்கிறது. இந்த வாதத்தை இலேசாகத் தள்ளிவிட முடியாது.

இன்னோர் உண்மையையும் நாம் மறைக்கலாகாது. நம் பிள்ளைகளில் பலர் ஜித்தாவிலும் துபாயிலும் பிறந்தவர்கள். 30 ஆண்டுகள் அங்கே உழைத்தாலும், அங்கே பிறந்த நம் குழந்தைக்கு அந்நாடுகள் பிறப்பால் குடியுரிமை தருவதில்லை. தந்தை யார் என்பதையே அவை பார்க்கின்றன. நீதியைச் சொல்வதென்றால் நமக்கு எதிராகவும் நம் உறவுகளுக்கு எதிராகவும் ஆயினும் சொல்லக் கட்டளையிடப்பட்ட சமுதாயம் நாம். வாஷிங்டனைக் குறை கூறும் நாவு, வளைகுடாவைப் பற்றி மௌனம் காப்பது அழகல்ல.

எனினும் ஒன்றைச் சிந்திக்க வேண்டும். எல்லையைக் கடந்தது பெற்றோர், தண்டனை யாருக்கு? ஒருவர் செய்ததற்கு மற்றவரைப் பொறுப்பாக்குவது நீதியாகாது. மேலும், விதியை இறுக்கினால் அனுமதியின்றி வந்தவர் மட்டும் அகப்படுவதில்லை. தாளைப் பேணி வைக்காத ஏழையும், எழுதப் படிக்கத் தெரியாத தாயும், வெள்ளத்தில் வீட்டை இழந்தவரும் சேர்ந்தே அகப்படுகிறார்கள். பிறப்பிடக் கொள்கை பிறந்த இடத்தைக் கேட்டதோடு நின்றது. வம்சாவளிக் கொள்கை குடும்பத்தின் பெட்டியைத் திறக்கச் சொல்கிறது. பெட்டி காலியாக இருந்தால், தலைமுறை தலைமுறையாய் இங்கேயே வாழ்ந்தவனும் அந்நியனாகத் தெரிவான்.

நாம் செய்ய வேண்டியவை

அச்சம் தீர்வாகாது; வதந்தியும் தீர்வாகாது. கொடுக்கல் வாங்கலை எழுதி வைத்துக்கொள்ளும்படி திருக்குர்ஆன் தன் மிக நீண்ட வசனத்திலேயே (2:282) நமக்குக் கற்றுத் தருகிறது. கடனுக்கே எழுத்து வேண்டும் என்றால், பெற்ற பிள்ளைக்கு வேண்டாமா?

1. குழந்தை பிறந்த 21 நாட்களுக்குள் பிறப்பைப் பதிவு செய்யுங்கள். ஓராண்டு கடந்துவிட்டால் அதற்கென அதிகாரம் பெற்ற நடுவரின் உத்தரவு வேண்டும். 2023 அக்டோபர் 1 முதல் பிறக்கும் குழந்தைகளுக்குப் பள்ளிச் சேர்க்கை, வாக்காளர் பட்டியல், கடவுச்சீட்டு ஆகியவற்றில் பிறந்த தேதிக்கும் இடத்திற்கும் பிறப்புச் சான்றிதழே ஆதாரம்.

2. ஏழாம் நாள் அகீகா கொடுத்துப் பெயர் சூட்டுகிறோம். உறவினர் அனைவருக்கும் அறிவிக்கிறோம். ஆனால் பதிவேட்டில் பெயருக்கான இடம் வெறுமையாகவே கிடக்கிறது! ஓராண்டுக்குள் கட்டணமின்றியும், அதன் பின் 15 ஆண்டுகள் வரை கட்டணத்துடனும் பெயரைச் சேர்க்கலாம்.

3. ஒரு தாளில் முஹம்மது, மற்றொன்றில் முகமது. ஒன்றில் பீவி, மற்றொன்றில் பேகம். தமிழிலும் ஆங்கிலத்திலும் பெயரையும் தந்தை பெயரையும் தலைப்பெழுத்தையும் எல்லா ஆவணங்களிலும் ஒரே விதமாக எழுதச் செய்யுங்கள்.

4. பள்ளியில் சேர்க்க வயதைக் கூட்டுவதும், வெளிநாட்டு வேலைக்காகக் கடவுச்சீட்டில் தேதியை மாற்றுவதும் நம்மிடையே இருந்த பழக்கம். அது பொய்ச் சாட்சியம். சட்டம் தேதியை வைத்தே மனிதரைப் பிரிக்கும் இக்காலத்தில், அந்தப் பொய்யின் சுமை பிள்ளைகள் தலையில் விழும்.

5. ஆதார் அட்டை குடியுரிமைக்குச் சான்றல்ல என்று அச்சட்டமே கூறுகிறது. எனவே பெற்றோரின் பிறப்புச் சான்று, பள்ளிச் சான்று, பழைய வாக்காளர் பட்டியல், நிலப் பத்திரம் ஆகியவற்றைத் தேடி ஒன்றாகப் பேணுங்கள். ஜமாஅத்தின் நிகாஹ் தஃப்தரோடு நின்றுவிடாமல், திருமணத்தை 90 நாட்களுக்குள் அரசிடமும் பதியுங்கள்.

6. வெளிநாட்டில் குழந்தை பிறந்தால், ஓராண்டுக்குள் இந்தியத் தூதரகத்தில் அதன் பிறப்பைப் பதிவு செய்யுங்கள்.

ஜமாஅத் நிர்வாகிகளுக்கு ஒரு வேண்டுகோள். ஜும்ஆவுக்குப் பின் ஒரு மணி நேரம், படித்த இளைஞர்கள் இருவரைப் பள்ளிவாசல் திண்ணையில் அமர்த்துங்கள். விதவைத் தாய்மார்களின், கல்வியற்ற முதியவர்களின் தாள்களை அவர்கள் பார்த்துச் சரிசெய்து தரட்டும். அக்கம்பக்கத்துப் பிற சமயச் சகோதரர் வந்தாலும், அகதி முகாமிலிருந்து ஒருவர் வந்தாலும் அதே அக்கறையோடு உதவட்டும். தென்னாப்பிரிக்க இந்தியனுக்குக் கேட்டதை இந்திய மண்ணில் பிறந்தவனுக்கும் கொடு என்ற 1947இன் அளவுகோலைச் சட்டம் கைவிட்டிருக்கலாம், நாம் கைவிடலாகாது.

நமக்கு விரும்பும் நீதியைப் பிறருக்கும் விரும்பும் உள்ளத்தை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.